நல்ல ரோட்டில் உடைந்த முட்டைகள்

போன மாதம் எதிர்வீட்டுக்காரர் புதுசாக ஒரு பிக்கப் வண்டி எடுத்தார். வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிற தொழில் அவருக்கு. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, தெருவுக்கே லட்டுக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரீஸ் கன்னோடு வண்டிக்கு அடியில் நுழைந்தவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. பிறகு அடியிலிருந்து குரல் வந்தது.

“அண்ணே, ஒரு நிமிசம் வாங்களேன். நம்மள நல்லா ஏமாத்திப்புட்டாங்க. நிப்பிளையே காணோம்!”

நான் போய்க் குனிந்து பார்த்தேன். அருப்புக்கோட்டையில் ஒரு வண்டிப் பட்டறையில் காலம் முழுக்க மல்லாந்து கிடந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு குனிவதோடு சரி, படுக்க முழங்கால் சம்மதிப்பதில்லை.

அவர் தேடியது இதுதான். பிக்கப் வண்டியின் வயிற்றுக்கு அடியில் நீளமான இரும்புக்குழாய் ஒன்று ஓடும். எஞ்சின் சுற்றுகிற சுற்றைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோவது அது. ஷாஃப்ட் என்போம். அதன் முனைகளில் சிலுவை வடிவத்தில் மூட்டு இருக்கும். அதற்குப் பெயர் கிராஸ். சிலுவையின் நாலு கைகளிலும் நாலு கப்பு மாட்டியிருக்கும், கப்புக்குள் ஊசி ஊசியாகச் சின்ன உருளைகள். அவை காய்ந்துபோகாமல் இருக்க, சிலுவையின் மேல் குமிழ் மாதிரி ஒரு சின்னக் காம்பு வைத்திருப்பார்கள். அதில் கிரீஸ் கன்னை மாட்டி அடித்தால் கிரீஸ் உள்ளே போகும். அந்தக் காம்புதான் நிப்பிள். இப்போது வருகிற பல வண்டிகளில் கிரீஸை உள்ளே வைத்து மூடியே அனுப்பிவிடுகிறார்கள். அடிக்கவும் வேண்டாம், தேடவும் வேண்டாம்.

சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. கன் புதுசு போலிருக்கிறது.

“அப்ப ஒங்க வேலையெல்லாம் இனிமே இல்லையாண்ணே?”

“போகட்டுமே. பெறகு வாரவனுக்காவது முதுகு தப்பிக்கும்ல” என்றேன். வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. கிரீஸ் கண்ணில் சொட்டினால் எப்படி எரியும் என்று தெரிந்தவன் அதற்காக அழ மாட்டான்.

ஆனால் அவர் தன் பழைய வண்டியை விற்கவில்லை. அது வேப்பமரத்தடியில் நின்றது. அதில் நிப்பிள் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு என்னை உட்காரவைத்து, “நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்” என்றார்.

முதலில் வண்டி சமதரையில் நிற்க வேண்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுக்க வேண்டும். நிப்பிள் சில சமயம் மேல்பக்கமாகத் திரும்பி நிற்கும். ஷாஃப்டைக் கையால் உருட்ட முடியாது, சக்கரம் தரையில் இருக்கிறதே. கல்லை எடுத்து, நியூட்ரலில் போட்டு, வண்டியை ஒரு முழம் தள்ளிவிட்டு, மறுபடி கல் கொடுக்க வேண்டும். அவசரக்காரர்கள் இந்த மறுபடியைத்தான் விட்டுவிடுவார்கள். வண்டி அவர்கள் மேல் உருண்டு வரும்.

அடுத்து, துணியால் நிப்பிளைத் துடைக்க வேண்டும். நம் கரிசல் புழுதி மாவு மாதிரி இருக்கும். துடைக்காமல் கன்னை மாட்டினால் கிரீஸோடு மண்ணையும் உள்ளே அனுப்புகிறோம். பிறகு நிதானமாக அடிக்க வேண்டும். நாலு கப்பு ஓரத்திலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்தக் கை பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். வெளியே வருகிற பழைய கிரீஸ் கறுப்பாக இருந்தால் பயமில்லை. செங்கல்பொடி நிறத்தில் வந்தால் உள்ளே துரு, அந்தக் கிராஸை மாற்றத்தான் வேண்டும்.

இன்னும் ஓர் இடம் உண்டு. ஷாஃப்டில் ஒரு குழாய்க்குள் இன்னொரு தண்டு பல் பல்லாக நுழைந்திருக்கும். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஷாஃப்ட் நீண்டு சுருங்குவது அங்கேதான். அங்கேயும் ஒரு நிப்பிள். கொஞ்சமாக அடித்தால் போதும். கடைசியில் வழிந்ததையெல்லாம் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஊர்ப்புழுதி முழுக்க அதில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

அவர் எல்லாவற்றையும் செய்து முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “இவ்வளவுதானா? இத வீட்டுல வச்சுச் செய்றதுல என்னண்ணே தப்பு வந்துரப் போகுது?”

கிரீஸ் அடிப்பதோடு நிறுத்திக்கொண்டால் ஒரு தப்பும் வராது என்றேன். நிறுத்தாத ஒருவரைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். அதை எழுதி வை என்று என் மனைவி சொன்னதால் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படிப்பு ஏறவில்லை, பட்டறையில் சேர்ந்தேன். டீசல் தட்டில் நட்டு போல்ட்டு கழுவினேன், பிறகு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், பிறகு வண்டிக்கு அடியில் போனேன். எல்லா மெக்கானிக்கும் அப்படித்தான். எனக்கு வாய்த்த வேறுபாடு தங்கராசு அண்ணாச்சி.

பட்டறை அவருடையது. பந்தல்குடி ரோட்டில் டவுன் முடிகிற இடத்தில் இருந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டைதான் உடுத்துவார். அதோடே வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுப்பார், எழுந்து வரும்போது சட்டையில் ஒரு பொட்டுக் கறை இருக்காது. எப்படி என்று நாங்கள் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

வண்டியோடு யார் வந்தாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி. “எப்ப இருந்து?” கேட்டுவிட்டு உள்ளங்கையை வண்டியின் மேல் வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பார். அந்த மௌனத்தை யாராலும் தாங்க முடியாது. ஒருமுறை ஒரு லாரிக்காரர் கிளட்ச் நழுவுகிறது என்று வந்தார்.

“எப்ப இருந்து?”

“நேத்துல இருந்து அண்ணாச்சி.”

அண்ணாச்சி பேசவில்லை.

“இல்ல, முந்தாநேத்து.”

அப்போதும் பேசவில்லை.

“ஊர்த் திருவிழாவுல முளப்பாரி ஊர்வலத்துக்கு வண்டி விட்டேன். கூட்டத்துல கிளட்ச மிதிச்சபடியே ஊர் பூராம் போனேன் அண்ணாச்சி. போதுமா?”

“போதும். வேலு, கிளட்ச் பிளேட்டப் பாரு” என்றார். வேலு என்பது நான்.

இன்னொரு பழக்கம், வண்டிக்காரர் சொன்னதைச் சொன்னபடியே நாங்கள் அவரிடம் திருப்பிச் சொல்ல வேண்டும். “பின்னால பேரிங் போயிருச்சுங்கிறாரு அண்ணாச்சி” என்று நான் ஆரம்பத்தில் போய் நின்றிருக்கிறேன். “அவரு பேரிங்குன்னா சொன்னாரு?” என்பார். “இல்ல, கரகரங்குதுன்னு சொன்னாரு.” “அப்ப கரகரங்குதுன்னு சொல்லு. பேரிங்க நாம சொல்லிக்கிருவோம்.” கோபமே இருக்காது குரலில். மறுபடி போய்க் கேட்டுக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்னால் செல்வமணி என்பவரின் முட்டை வண்டி வந்தது.

செல்வமணிக்குத் திருச்சுழியில் முட்டை வியாபாரம். அருப்புக்கோட்டையில் வந்து இறங்குகிற முட்டையைத் தன் பிக்கப்பில் ஏற்றி ஒருநாள் திருச்சுழி, வீரசோழன் பக்கமும் மறுநாள் பந்தல்குடிப் பக்கமும் கடைகளுக்குப் போடுவார். வண்டி மேல் அவருக்கு இருந்த பாசத்தைப் பார்த்து நாங்களே வெட்கப்படுவோம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, லுங்கியை மடித்துக் கட்டி, அடியில் புகுந்து கிரீஸ் அடிப்பார். அடிப்பாகத்தை எட்டிப் பார்த்தால் துலக்கி வைத்த பாத்திரம் மாதிரி இருக்கும்.

அந்த வண்டியில் முட்டை உடைய ஆரம்பித்தது. நொறுங்கிப் போவதில்லை. ஓட்டில் மயிரிழை மாதிரிக் கீறல். கடைக்காரர்கள் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். செல்வமணி எங்களிடம் கொண்டுவந்தார். ஷாக் அப்சர்பர் மாற்றினோம். பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிச் சரிசெய்தோம். டயர்களை மாற்றிப் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் பஜார் பக்கம் ஓட்டிப் பார்த்தோம். வண்டி தொட்டில் மாதிரிப் போனது. மறுநாள் முட்டை உடைந்தது.

வண்டியில் கோளாறு இல்லை என்று நாங்கள் சொல்லச் சொல்ல, செல்வமணியின் பார்வை முட்டையை அடுக்குகிறவர் மேல் திரும்பியது. அவர் கண்ணன், செல்வமணி மனைவியின் தம்பி. அக்கா வீட்டிலேயே தங்கி லோடு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலையில் செல்வமணியின் மனைவி மாரியம்மாள் ஒரு கூடையோடு பட்டறைக்குள் வந்தார்.

“இங்க தங்கராசு அண்ணாச்சிங்கிறது யாரு?”

“நாந்தாம்மா. உக்காருங்க.”

“உக்கார வரலண்ணாச்சி. இதப் பாருங்க.” கூடையின் மேலிருந்த துணியை எடுத்தார். கூடை நிறையக் கீறல் விட்ட முட்டை. “காலைல பொடிமாசு, மத்தியானம் முட்டக் கொழம்பு, ராத்திரி ஆம்லெட்டு. பிள்ளைக தட்டப் பாத்தாலே எந்திரிச்சு ஓடுதுக. பக்கத்து வீட்டுக்குக் குடுத்தேன். இப்ப அவுகளும் என்னயக் கண்டா கதவச் சாத்துறாக.”

பட்டறை முழுக்கச் சிரித்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

“சிரிக்காதீக. அடுக்கத் தெரியாதவன்னு சொல்லி எந்தம்பிய ஊருக்குப் போகச் சொல்லிட்டாரு எங்க வீட்டுக்காரரு. பந்தல்குடிப் பக்கம் அவனுக்குப் பொண்ணு பேசி வச்சிருக்கோம். முட்ட அடுக்கக்கூட லாயக்கில்லன்னு சொந்த மச்சானே வெரட்டுனவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? வண்டியில கோளாறா, எந்தம்பிகிட்ட கோளாறா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க. அவங்கிட்டதான்னா நானே பஸ்ஸு ஏத்தி விட்டுட்டுப் போறேன்.”

கடைசி வார்த்தையில் குரல் கொஞ்சம் உடைந்தது. நாங்கள் சிரிப்பை விழுங்கிக்கொண்டோம்.

“தம்பி எங்க?” என்றார் அண்ணாச்சி.

“வெளிய நிக்கான். உள்ள வரக் கூச்சப்படுறான்.”

கூப்பிட்டதும் வந்தார். ஒல்லியான ஆள். இருபத்தைந்துக்கு மேல் இருக்கும். தரையைப் பார்த்தபடி நின்றார். அண்ணாச்சி வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. “என்ன பாத்தீக, அத மட்டும் சொல்லுங்க” என்றார்.

கண்ணன் அக்காவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “சொன்னா எல்லாரும் சிரிக்காங்க அண்ணாச்சி.”

“இங்க யாரும் சிரிக்க மாட்டாங்க.”

“நல்ல ரோட்டுல ஒடையுது. கெட்ட ரோட்டுல ஒடையல.”

உண்மையைச் சொன்னால், எனக்குச் சிரிப்பு வந்தது. வீரசோழன் பக்கம் அப்போது ரோடு கிடந்த கிடையில் கருங்கல்லே உடையும். தூத்துக்குடி ரோடோ பந்தல்குடி வரை பாய் விரித்த மாதிரி இருக்கும்.

கண்ணன் தொடர்ந்தார். “வீரசோழனுக்குப் போறன்னிக்கு, தூக்கித் தூக்கிப் போடும். எறக்கிப் பாத்தா ஒண்ணும் ஆயிருக்காது. பந்தல்குடிக்குப் போறன்னிக்கு ஒரு குலுக்கலும் இருக்காது. எறக்குனா கீறல் கீறலா இருக்கும். அதுவும் நடுவுல, அடி அடுக்குல.”

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். “வேலு, இவரு என்ன சொன்னாரு?”

“நல்ல ரோட்டுல ஒடையுது, கெட்ட ரோட்டுல ஒடையல. நடுவுல, அடி அடுக்குல.”

“அப்ப அதையே போய்ப் பாப்போம். நாளைக்கு முட்டையோட வண்டிய வரச்சொல்லுங்க. நம்ம எத்தன தடவ ஓட்டிப் பாத்தோம், எல்லாம் பஜாருக்குள்ளதான?”

மறுநாள் காலையில் லோடு ஏறிய வண்டி வந்தது. அண்ணாச்சியே ஸ்டேரிங்கில் உட்கார்ந்தார். பக்கத்தில் செல்வமணி. நானும் கண்ணனும் பின்னால், முட்டை அட்டைகளின் அடுக்குகளுக்கு நடுவே, ஆளுக்கு ஓர் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அத்தனை வருஷத்தில் வண்டிகளுக்கு அடியில் கிடந்திருக்கிறேன், லோடு மாதிரி மேலே உட்கார்ந்து போனது அதுதான் முதல் தடவை.

முதலில் திருச்சுழி ரோட்டில் விட்டார். ஒரு பள்ளத்தில் நான் மேலே போய்க் கீழே வந்தேன். முட்டையும் மேலே போய்க் கீழே வந்தது. வெயிலும் புழுதியுமாக, கண்ணன் ஒரு கையால் அடுக்கையும் ஒரு கையால் என்னையும் பிடித்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போய் நிறுத்தி, இரண்டு பேரும் அட்டை அட்டையாகத் தூக்கிப் பார்த்தோம். ஒரு கீறல் இல்லை. என் முட்டியில்தான் சிராய்ப்பு.

“பாத்தீகளா?” என்றார் கண்ணன். அவர் முகத்தில் ஒரு வெளிச்சத்தை அப்போதுதான் முதலில் பார்த்தேன்.

வண்டியைத் திருப்பித் தூத்துக்குடி ரோட்டைப் பிடித்தார் அண்ணாச்சி. ரோடு வழவழவென்று ஓடியது. நாற்பதுவரை ஒன்றுமில்லை. அதைத் தாண்டியதும் என் மடியில் இருந்த அட்டையில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. குளிரில் பல் தந்தியடிக்கிற மாதிரி, முட்டையோடு முட்டை உரசுகிற சத்தம். வேகம் ஏற ஏற அந்தச் சத்தம் மற்ற அடுக்குகளுக்கும் பரவியது. உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல் கூச்சம். நான் உள்ளங்கையை வண்டித் தரையில் வைத்தேன். இரும்பு முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

வெகுநாளாகத் தேடிய திருடன் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சுவிடுவதைக் கேட்ட மாதிரி இருந்தது. கேபினைத் தட்டி, “அண்ணாச்சி, பேசுது! பேசுது!” என்று கத்தினேன்.

அவர் அதே வேகத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். எஞ்சின் சத்தம் அடங்கியது. வண்டி தானாக ஓடியது. முணுமுணுப்பு மட்டும் நிற்கவில்லை. அப்படியென்றால் எஞ்சின் காரணமில்லை. டயரை ஏற்கெனவே மாற்றிப் பார்த்தாயிற்று. மிச்சம் இருந்தது ஷாஃப்ட்.

பந்தல்குடிக்குச் சற்று முன்னால், ஒரு டீக்கடைக்கு எதிரே புளியமரத்து நிழலில் நிறுத்தினார். சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு நான் அடியில் போனேன். பக்கத்தில் சாக்கை விரித்து அண்ணாச்சியும் வந்து படுத்தார். ஷாஃப்ட் பளிச்சென்று இருந்தது. நிப்பிள் எல்லாம் துடைத்து, அளவாக அடித்த கிரீஸ். கிராஸைப் பிடித்து முறுக்கிப் பார்த்தேன், துளி ஆட்டம் இல்லை. பட்டறையில் எத்தனையோ தடவை பார்த்து, “இவ்வளவு சுத்தமா வச்சிருக்காரே” என்று மெச்சிக்கொண்டு நகர்ந்த இடம்தான்.

அண்ணாச்சி கையை நீட்டினார். துணியைக் கொடுத்தேன். குழாய்க்குள் தண்டு நுழைகிற இடத்தில் பூசியிருந்த கிரீஸை அவர் மெதுவாகத் துடைத்தார். குழாயின் மேல் ஓர் அம்புக்குறி தெரிந்தது. தண்டின் மேலும் ஒன்று இருக்க வேண்டும், இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். தண்டைத் துடைத்துக்கொண்டே போனார். அதன் அம்பு விலாப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

ஷாஃப்டின் இரண்டு முனைச் சிலுவைகளும் ஒரே வாட்டத்தில் நிற்க வேண்டும். அப்படி நின்றால், சுற்றும்போது ஒன்று கொடுக்கிற ஆட்டத்தை மற்றது விழுங்கிவிடும். வாட்டம் மாறிவிட்டால் இரண்டின் ஆட்டமும் வண்டிக்குள் ஏறிவிடும். மெதுவாகப் போகும்வரை தெரியாது, வேகம் ஏறினால் அதிரும். கெட்ட ரோட்டில் யாரும் வேகமாகப் போவதில்லை. முட்டை பிழைத்தது அதனால்தான்.

அண்ணாச்சி படுத்தபடியே கேட்டார். “செல்வமணி, எப்ப இருந்து?”

வெளியே நின்ற இரண்டு கால்களும் அசையவில்லை. “என்னது அண்ணாச்சி?”

அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. ஒரு லாரி எங்களைக் கடந்து போனது. இன்னொரு லாரி போனது.

“பொங்கல் லீவுல ஒருநாள் சும்மா இருந்தேன்” என்றது கால்களுக்கு மேலிருந்த குரல். “போன்ல ஒரு வீடியோ பாத்தேன். வெறும் கிரீஸ் அடிச்சாப் பத்தாது, பிரிச்சுக் கழுவணும்னு சொன்னான். ஷாஃப்ட ரெண்டா உருவி, மண்ணெண்ணெயில கழுவி, புதுக் கிரீஸ் வச்சு மாட்டுனேன்.”

“முட்ட எப்ப இருந்து ஒடையுது?”

“பொங்கலுக்குப் பெறகுதான்.”

“உருவும்போது இதுல அம்பு போட்டிருந்தத பாத்தீகளா?”

“இல்லையே அண்ணாச்சி. எப்படிச் சொருகுனாலும் உள்ள போச்சு.”

“போகும். அதுகிட்ட உள்ள தொல்லையே அதான்.”

செல்வமணி தரையில் குந்தி, தலையைச் சாய்த்து அடியில் பார்த்தார். எங்களை அல்ல, அந்த அம்புக்குறியை. பிறகு எழுந்துபோய்ப் புளியமரத்தில் சாய்ந்து நின்றுகொண்டார். கண்ணனும் வண்டிக்குப் பின்னாலேயே நின்றார். மச்சான் முகத்தை அவர் பார்க்கவில்லை. பார்த்துச் சிரித்திருந்தால்கூட நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

பின்முனை போல்ட்டுகளைக் கழற்றினேன். நான் ஷாஃப்டை உருவ ஆரம்பித்தபோது செல்வமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் வந்தார். “தள்ளுங்கண்ணே, நாந்தான மாட்டுனேன். நானே சரி பண்றேன்” என்றார். தண்டைத் திருப்பி, அம்புக்கு நேராக அம்பை வைத்து, அவரே சொருகினார். போல்ட்டை நான் முறுக்கினேன். டீக்கடைக்காரரும் டீ குடிக்க வந்தவர்களும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். எங்களுக்குத் தெரியாமல் ஒரு சின்னக் கூட்டமே சேர்ந்திருந்தது.

கிளம்பும்போது செல்வமணி கேபின் கதவைத் திறந்துவிட்டு நின்றார். “மாப்ளே, நீ முன்னால ஏறு.”

“பரவால்ல மச்சான், நான் பின்னாலயே வாரேன்.”

“ஏறுலே. நான் பின்னால ஒக்காந்து வாரேன்.”

மன்னிப்பு என்ற வார்த்தை அந்த ரோட்டோரத்தில் யார் வாயிலும் வரவில்லை. கண்ணன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், பிறகு முன்னால் ஏறினார். செல்வமணி என் பக்கத்தில் வந்து, கண்ணன் வைத்திருந்த அட்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வண்டி ஐம்பதைத் தொட்டது, அறுபதைத் தொட்டது. முட்டைகள் மூச்சுவிடவில்லை. செல்வமணி காதை அட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டார். பிறகு கேபினை டொம் டொம்மென்று அடித்தார்.

“தூங்குது அண்ணாச்சி! எல்லாம் தூங்குது! இன்னும் வெரட்டுங்க!”

பட்டறைக்குத் திரும்பியதும் அவர், இனிமேல் ஸ்பேனரையே தொட மாட்டேன் என்று சத்தியம் செய்யப் போனார். அண்ணாச்சி தடுத்துவிட்டார். “கிரீஸ் அடிக்கிறத விட்டுறாதீக. ஒங்க கிராஸ் மாதிரி கிராஸ் இந்த ரோட்டுல ஓடுற எந்த வண்டியிலயும் இல்ல. எதையாச்சும் ரெண்டாப் பிரிக்கணும்னா மட்டும், பிரிக்கிறதுக்கு முன்னால பெயின்ட்ல ஒரு கோடு இழுத்துக்கங்க. கோடு சேந்தா சரி. அம்புட்டுதான்.” செல்வமணி அன்றைக்கே ஒரு சின்ன டப்பா வெள்ளைப் பெயின்ட் வாங்கிக்கொண்டு போனார்.

மாரியம்மாளுக்கு நான்தான் போன் போட்டேன். “வண்டியிலதாம்மா கோளாறு” என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “யாரு செஞ்ச கோளாறு?” என்று கேட்டார். “அத வீட்டுக்கு வந்து அவுகளே சொல்லுவாக” என்று வைத்துவிட்டேன்.

கதை அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் டீக்கடை முன்னால் வண்டியைப் பிரித்தால் அந்தச் செய்தி வண்டியைவிட வேகமாகப் போகும். சில நாள் கழித்துப் பந்தல்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் டிராக்டருக்கு ஏதோ சாமான் கேட்கிற மாதிரிப் பட்டறைக்கு வந்தார். சாமானைக் கையில் வாங்கியும் போகவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி போட்டுக்கொண்டார்.

“முட்ட வண்டியில ஒரு பையன் லோடு ஏத்துறானாம்ல, கண்ணன்னு. ஆளு எப்படி? எம்மகளுக்குப் பேசிக்கிட்டிருக்கோம். அக்கா வீட்டுக்காரரே அவன வெரட்டிட்டாருன்னு ஒருத்தன் சொல்றான். இல்ல, வெரட்டலங்கிறான் இன்னொருத்தன்.”

அண்ணாச்சி என்னைக் காட்டினார். “வேலுவக் கேளுங்க. அவன்தான் கூட ஒக்காந்து போனவன்.”

ஒரு பெண்ணின் கல்யாணத்தைப் பற்றி என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. “எனக்கு அவர ஒருநாள் பழக்கந்தாங்க. எல்லாரும் அவரப் பாத்துச் சிரிச்சாங்க, நானும் உள்ளுக்குள்ள சிரிச்சேன். அப்பவும் தான் பாத்தத அவரு மாத்திச் சொல்லல. கூட்டியும் சொல்லல, கொறச்சும் சொல்லல. கடைசில அவரு சொன்னதுதான் நெசம்னு ஆனப்ப, யாரையும் ஒரு வார்த்த பேசல.”

அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். “வண்டி ஓட்டுவானா?”

கேட்க வேண்டாம் என்று நான் நினைத்த கேள்வி. கேபினில் கியர் கம்பி மேல் கை படாமல் கண்ணன் ஒடுங்கி உட்கார்ந்து வந்ததை அண்ணாச்சி எங்களிடம் சொல்லிச் சிரித்திருந்தார். “ஓட்ட மாட்டாருங்க” என்றேன். “ஸ்டேரிங்குன்னாலே கொஞ்சம் பயம் போல.”

போச்சு, கெடுத்துவிட்டோம் என்று நினைத்தேன். அவர் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

“அப்படிச் சொல்லுங்க! எம்மக டிராக்டரயே ஒத்தக் கையில திருப்புறவ. இதுவர வந்த மாப்பிள்ளைக அத்தன பேரும் பக்கத்துல ஏறி ஒக்காந்து ‘ஸ்டேரிங்க இப்படி ஒடி, அப்படி ஒடி’ன்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்தானுக. ஒருத்தன்கூட வேணாம்னுட்டா. இவன் தேறுவான்.”

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பட்டறையே திரண்டு போனோம். பெண்ணின் பெயர் முத்துலட்சுமி. மறுவீடு முடிந்த கையோடு முட்டை வண்டியின் சாவி அந்தப் பெண் கைக்குப் போய்விட்டது. செல்வமணி கடையைப் பார்த்துக்கொண்டார்.

முத்துலட்சுமி முதல்முறை பட்டறைக்கு வண்டி கொண்டுவந்த அன்று வாசலில் இரண்டு லாரி நின்றிருந்தது. நடுவில் இருந்த இடம் ஒரு பிக்கப் ரிவர்ஸில் நுழையும் அளவுதான். நாங்கள் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தோம். வண்டியிலிருந்து குதித்து இறங்கிய செல்வமணி பின்னால் ஓடி, இரண்டு கையையும் தூக்கி, “ஒடி, ஒடி, இன்னும் ஒடிம்மா, நேரா விடு” என்று கத்த ஆரம்பித்தார்.

வண்டி அப்படியே நின்றது. கேபினின் மறுபக்கத்து ஜன்னலிலிருந்து கண்ணன் தலையை நீட்டினார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“மச்சான், தள்ளி நில்லுங்க. அவளுக்குத் தெரியும்.”

செல்வமணி தள்ளி நின்றார். நாங்களும் நின்றோம். ஒரே மூச்சில் வண்டி உள்ளே வந்தது.